ஐப்பசியில் எருது விற்ற வீடு

வாசகர் கேள்வி – பதில்
பதில் சொல்பவர்: தாராபுரம், காங்கயம் வட்டாரங்களில் அரசு கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர்

சென்ற இதழில், நடு ராத்திரியில் மாடு ஈனும்போது எனக்கு விளக்குப் பிடித்த தோட்டத்துப் பையன்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், அந்தப் பையன்களின் மகன்களும் மகள்களும்தான் இப்போது எழுதுகிறார்கள் போலிருக்கிறது. அதனால் கோமாரியும் மடிநோயும் இந்த முறை கொஞ்சம் காத்திருக்கட்டும். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

*

கேள்வி: என் அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. குண்டடம் பக்கம் மானாவாரிக் காட்டில் பிறந்தவர். அப்பாரு (அப்பாவின் அப்பா) குடிப்பார் என்பதும், ஆத்தா (அப்பாவின் அம்மா) கோவித்துக்கொண்டு கடைசிப் பெண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு பிறந்த ஊருக்குப் போய்விட்டார் என்பதும் பெரியம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அப்பா நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வேறொருவர் தோட்டத்தில் ஆடு மேய்க்கப் போனாராம். இப்போது எங்களோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து பால்கனியில் உட்கார்ந்துகொள்கிறார். என் மகன் தட்டில் சோறு மிச்சம் வைத்தால் வீடே அதிரக் கத்துகிறார். பழையதைக் கேட்டால் "அதெல்லாம் எதுக்கு அம்மணி" என்கிறார். ஆனால் ஒரு கதையை மட்டும் ஓயாமல் சொல்வார். ஐப்பசி மழையில் நனைந்தபடி ஒரு சோடி மயிலை எருதுகளை அப்பாருவோடு சந்தைக்கு ஓட்டிப் போன கதை. எருதின் நடை, திமில், கொம்பு எல்லாம் வரும். சந்தை வாசலோடு கதை நின்றுவிடும். அவர் மனதில் இருப்பதை எப்படிப் பேச வைப்பது? மனநல மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டுமா?
(திருப்பூர் வாசகி)

பதில்: அம்மணி, உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் அந்த மாதம் கண்ணில் பட்டது. ஐப்பசியிலா எருது விற்றார்கள்?

குண்டடம், மூலனூர், வெள்ளகோவில் பக்கத்து மானாவாரிக் காட்டுக்கு வடகிழக்குப் பருவமழைதான் எல்லாம். புரட்டாசியில் மண் நனைந்ததும் ஏர் பூட்டுவார்கள். ஐப்பசி மழையை நம்பித்தான் சோளமும் கொள்ளும். வருசத்திலேயே எருது கட்டுத்தரையில் சும்மா நிற்காத காலம் அதுதான். பண்ணையம் பண்ணுகிறவர் எருதை மாற்ற நினைத்தால், அறுவடை முடிந்து, தட்டுப்போர் (மாட்டுத் தீவனமான சோளத்தட்டைப் போர்) கரைந்து, காடு காய்ந்து கிடக்கும் பங்குனி, சித்திரையில்தான் விற்பார். கண்ணபுரம் மாட்டுச் சந்தை சித்திரையில் கூடுவதும் அதற்குத் தோதாகத்தான் இருக்கிறது. உழவு நேரத்தில் சோடியை ஓட்டிக்கொண்டு போய் விற்கிறார் என்றால், இந்த வருசம் விதைப்பு இல்லை என்று முடிவாகிவிட்டது என்று பொருள். விதைப்பு இல்லையென்றால் தை மாதத்தில் வீட்டில் சோளமும் இல்லை, மாட்டுக்குத் தட்டும் இல்லை.

எருதுக்கு ஏதாவது சீக்கு வந்திருக்கலாமே என்று ஒரு மாட்டு டாக்டர் கேட்காமல் இருக்க முடியாது. சீக்கு எருதை அவ்வளவு தூரம் மழையில் நடத்தமாட்டார்கள். உங்கள் அப்பா அதன் நடையை அறுபது வருசம் கழித்தும் புகழ்ந்துகொண்டிருக்கவும் மாட்டார். நல்ல எருதுகள்தான். கடன் கழுத்தை நெரித்திருக்கலாம். கல்லுக் கிணற்றை இன்னும் நாலு ஆள் ஆழம் இறக்கினால் தண்ணீர் வரும் என்று கடன் வாங்கி, வெடி வைத்து, தண்ணீர் வராமல் போன வீடுகள் அந்தப் பக்கம் நிறைய. குடியாகவும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். உங்கள் வீட்டில் எது என்று எனக்குத் தெரியாது. அப்பா நாலாவதோடு நின்றது அந்த ஐப்பசிக்கு அடுத்தா என்று மட்டும் பெரியம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்பார் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது குடிக்கு வருகிறேன். உங்கள் அப்பாவின் வயதைப் பார்த்தால் அது அறுபதுகளின் ஆரம்பம். அது மதுவிலக்குக் காலம். ராஜாஜி 1937-ல் சேலம் மாவட்டத்தில் தொடங்கி வைத்தது, 1948-ல் சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்து, 1971 வரை இருந்தது. கடை என்று ஒன்று கிடையாது. காங்கயம் பக்கத்துக் கொரங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில்) நிற்கிறதே வெள்வேல மரம், அதன் பட்டையைப் போட்டு ஊறவைத்துக் காய்ச்சுகிற பட்டைச் சாராயம்தான். ஒளித்துக் காய்ச்சினார்கள், ஒளித்துக் குடித்தார்கள். இன்றைக்கு வீட்டில் ஒருவர் குடித்தால் அவமானம். அன்றைக்கு அவமானத்தோடு போலீஸ் பயமும் சேர்ந்திருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடிக்கு முன்னால் கற்றுக்கொடுக்கப்பட்டது, யார் கேட்டாலும் வாயைத் திறக்காதே என்பது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது சாராயக்கடை திறந்தாகிவிட்டது. ஆனாலும் பிள்ளைகள் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. ஒரு ராத்திரி கன்று தலை மடங்கி உள்ளே மாட்டிக்கொண்டது. லாந்தரைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்குப் பத்து வயதுகூட இருக்காது. மாடு எப்போது படுத்தது, எப்போது பனிக்குடம் உடைந்தது, கடைசியாக என்ன தின்றது எல்லாம் பிசகாமல் சொல்கிறான். வெந்நீர் வேண்டும் என்று நான் சொல்வதற்கு முன்பே அடுப்பில் ஏற்றிவிட்டிருந்தான். "அய்யன் எங்கடா?" என்றேன். எங்கள் பக்கம் அப்பாவை அய்யன் என்போம். "காய்ச்சலுங்க" என்றான். சாளைத் (தோட்டத்து வீட்டுத்) திண்ணையில் கட்டிலில் அய்யன் கிடந்தார். வாடை எனக்கும் வந்தது, அவனுக்கும் வந்தது. இரண்டு பேரும் காய்ச்சலைத்தான் பேசினோம். பிறகு வேறு தோட்டங்களிலும் இதே பதிலைக் கேட்டிருக்கிறேன். அந்த வட்டாரத்தில் இருந்த அத்தனை காய்ச்சலும் எந்தச் சுகாதார நிலையத்துப் பதிவேட்டிலும் இருக்காது.

இவ்வளவு சுற்றி வந்தது ஒன்றைச் சொல்லத்தான். எங்கள் பக்கத்து ஆட்கள் பண்ணையத்தில் பட்ட கஷ்டத்தை வாய் ஓயாமல் சொல்வார்கள். செருப்பில்லாமல் நெருஞ்சிக் காட்டில் நடந்தது, கம்மங்கூழை நாலு பேர் பங்கு போட்டது, பட்டிக்குக் காவல் படுத்தது எல்லாம் கொஞ்சம் பெருமையோடு வரும். வீட்டுக்குள் பட்டதைச் சொல்லமாட்டார்கள். கொரங்காட்டைச் சுற்றி முள்கிளுவை வேலி நடுகிற மாதிரி, வீட்டுக் கஷ்டத்தைச் சுற்றிப் பண்ணையக் கஷ்டத்தை நட்டு வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் அப்பா சந்தை வாசலில் கதையை நிறுத்துகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு மேல் போனால் எருது போய் அவருடைய அய்யன் வந்துவிடுவார்.

அதனால் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவரிடம் பதிலே கிடையாது. எருதைப் பற்றியே இன்னும் கேளுங்கள். எது இடத்தெருது, எது வலத்தெருது? எத்தனை பல்? தரகர் யார், துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசினார்களா? எங்கள் பக்கம் மாட்டை விற்றால் கயிற்றைக் கழற்றி எடுத்து வந்துவிடுவது வழக்கம். அந்தக் கயிறு யார் கையில் வந்தது? திரும்பி வரும்போது சாப்பிட்டீர்களா? இதில் ஏதாவது ஒரு கேள்வியில் அவர் நிற்பார். நின்றால் விட்டுவிடுங்கள். அடுத்த வாரமோ அடுத்த மாதமோ அவரே அங்கிருந்து எடுப்பார். அப்பாரு உங்களோடு திரும்பி வந்தாரா, சந்தையிலேயே தங்கிவிட்டாரா என்பதை மட்டும் நீங்களாகக் கேட்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் செய்ய வேண்டாம். சொல்லாமல் கொள்ளாமல் காரில் ஏற்றிப்போய்ப் பழைய காட்டின் முன்னால் இறக்கிவிட்டு, அப்பா முகத்தைப் படம் பிடிக்கிற பழக்கம் இப்போது வந்திருக்கிறது. காடு கைமாறியிருக்கும், காற்றாலை நிற்கும், இல்லை முருங்கை போட்டிருப்பார்கள். அவருக்கு அங்கே என்ன இருக்கிறது? சித்திரையில் கண்ணபுரம் சந்தைக்குக் கூட்டிப் போங்கள். முன்பின் தெரியாத மாட்டுக்காரரிடம் அரை மணி நேரம் பேசுவார். நீங்கள் பக்கத்தில் கரும்புச்சாறு குடித்துக்கொண்டு சும்மா நில்லுங்கள்.

சோற்றுக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் மானாவாரிக் காட்டு வீடுகளில் நெல்லஞ்சோறு நோம்பிக்கும் விருந்தாளிக்கும்தான். மற்ற நாளெல்லாம் சோளமும் கம்பும் ராகிக் களியும். காமராசர் 1956-ல் கொண்டு வந்த மதிய உணவு பள்ளிக்கூடத்தில் இருந்தது, வாஸ்தவம். ஆனால் பள்ளிக்குப் போனால் ஒரு பையனுக்கு ஒரு வேளைச் சோறு. ஆட்டுக்கு அனுப்பினால் அவனுக்கு மூன்று வேளைச் சோறு, வருசக் கூலியாக வீட்டுக்குத் தானியம். எருது இல்லாத வீட்டில் இந்தக் கணக்கு எப்படி முடியும் என்று உங்களுக்கே தெரியும். பேரன் மிச்சம் வைக்கிற கைப்பிடிச் சோற்றில் அவர் என்ன பார்க்கிறார் என்பதைப் பேரனுக்கு ஒரு தடவை சொல்லுங்கள். அதற்காகக் கத்தலைப் பொறுத்துக்கொள் என்று சொல்ல வேண்டாம். பரிமாறுகிற வேலையை அப்பாவிடமே கொடுத்துவிடுங்கள். பையனுக்குக் கொஞ்சமாகப் போட்டு, வேண்டுமானால் மறுசோறு. பாதிச் சண்டை அதிலேயே குறையும்.

மூன்று மணிக்கு எழுவதைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். பட்டியில் ஆட்டுக்குக் காவல் படுத்த பையன் நரிக்குக் காது கொடுத்தே தூங்கியிருப்பான். வயதானாலும் தூக்கம் முன்கூட்டியே கலையும். ஆனால் அடிக்கடி சிறுநீர் கழிக்கத்தான் எழுகிறாரா என்று பாருங்கள். அப்படியென்றால் சர்க்கரையும் புராஸ்டேட்டும் பார்க்க வேண்டிய விஷயம், பழைய கதை இல்லை.

மனநல மருத்துவர் வேண்டுமா என்றால், கதை சொல்ல வைப்பதற்காக வேண்டாம். சாப்பாடு குறைந்தால், யாரோடும் பேசாமல் சுருண்டால், "இருந்து என்ன பண்ண" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் தள்ளிப் போடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், பணம் கிடையாது. முதியோருக்கென்று 14567 இருக்கிறது. அரசு மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு உண்டு.

கடைசியாக உங்கள் ஆத்தாவைப் பற்றி. கடைசிப் பெண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் கொஞ்சம் கோபம் இருக்கிறது. ஆண்பிள்ளைகளை அவர் விட்டுவிட்டுப் போனாரா, பண்ணையத்துக்குக் கை வேண்டும் என்று இவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டார்களா? நான் அறிந்த வீடுகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான். பெரியம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அப்பாவுக்கு அது தெரியுமா என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. தெரியாமலேயே எழுபது வயது வரை வந்திருந்தால், அதைப் பெரியம்மா வாயால் அவர் கேட்கட்டும். நீங்கள் சொன்னால் சமாதானம் மாதிரி இருக்கும்.

*

கேள்வி: என் அப்பா சாட்டைவாரில் அடி வாங்கி வளர்ந்தவர். என்னையும் அப்படித்தான் வளர்த்தார். இப்போது என் ஏழு வயது மகன்மேல் கை ஓங்குகிறார். தடுத்தால் "அடி வாங்குனதுனாலதான் நான் ஆளானேன்" என்கிறார். வயதானவர், பட்டு வந்தவர். எதிர்த்துப் பேசலாமா?
(ஈரோடு வாசகர்)

பதில்: பேசலாம், தம்பி. பேச வேண்டும். பையன் எதிரில் வேண்டாம். அவர் ஒரு டீ குடித்துவிட்டு நிதானமாக இருக்கும்போது, "அப்பா, பையன்மேல கை படக்கூடாதுங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். அடியால் ஆளானீர்களா இல்லையா என்று விவாதம் பண்ணப் போகாதீர்கள். அடி வீணாகப் போகவில்லை என்று நம்பித்தான் அவர் அத்தனை வருசத்தைத் தாண்டியிருக்கிறார். அந்த நம்பிக்கையைப் பிடுங்கி உங்களுக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை. மறுபடியும் கை ஓங்கினால், பையனை அவரோடு தனியே விடாதீர்கள். பட்டு வந்தவர் என்பதற்காக மரியாதை கொடுங்கள், பையனைக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் வாங்கின அடியைப் பற்றிக் கடிதத்தில் அரை வரிதான் இருக்கிறது. அதற்கு யாரிடமாவது இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்துப் பேசுங்கள். மனைவியிடம் தொடங்கலாம்.

*

கேள்வி: என் அம்மா கோபிசெட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத் தோட்டத்தில் பிறந்தவர். அம்மாவுக்குப் பதினோரு வயதில் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) இறந்துவிட்டார். ஐந்தாவதோடு நின்று மூன்று தம்பிகளை வளர்த்தது அம்மாதான். அப்பிச்சி (அம்மாவின் அப்பா) பெரிய கோபக்காரர். களி கட்டியாகிவிட்டது என்று சட்டியை வாசலில் எறிந்ததை அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார். 1976-ல் அம்மாவுக்குக் கல்யாணம். அப்பிச்சி இறந்து வருசங்கள் ஆகிவிட்டன, உயில் இல்லை. இப்போது மாமாக்கள் தோட்டத்தைப் பிரிக்க, அம்மாவிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். "எம் பொறந்தவனுங்களுக்குத்தானே கண்ணு, போட்டுட்டாப் போகுது" என்கிறார். எனக்கு வயிறு எரிகிறது. அம்மாவுக்கு உரிமை இருக்கிறதா இல்லையா?
(சத்தியமங்கலம் வாசகி)

பதில்: பங்கு இல்லாதவரிடம் யாரும் விடுதலைப் பத்திரம் கேட்கமாட்டார்கள். உங்கள் மாமாக்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் வக்கீல் இல்லை. ஆனால் இந்தச் சட்டம் கட்டுத்தரை வரை வந்து சண்டை போட்டதைப் பார்த்தவன். தகப்பனார் உயில் எழுதாமல் இறந்தால் அவர் பங்கில் மகளுக்கும் பங்கு உண்டு என்பது 1956-ஆம் வருசத்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் மகனுக்கு இருப்பது போலவே மகளுக்கும் பிறப்பால் உரிமை என்று தமிழ்நாடு 1989-ல் திருத்தம் கொண்டு வந்தது. அதற்கு முன்பே கல்யாணமானவர்களை அந்தத் திருத்தம் சேர்க்கவில்லை. அதனால் 1976-ல் தாலி கட்டிக்கொண்ட உங்கள் அம்மா வெளியே நின்றுவிட்டார். 2005-ல் மத்திய அரசின் திருத்தத்தில் அந்தத் தடை இல்லை. அந்த வருசம் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று சிலர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். தேவையில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு விலக்கு உண்டு. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பாகம் பிரித்தோ விற்றோ முடித்திருந்தால் அதைக் கிளற முடியாது. அதனால் முதல் வேலை, சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பது. பட்டா யார் பேரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். அதற்குப் பிறகு ஒரு வக்கீல்.

சரி, உரிமை இருக்கிறது. அம்மா அதைக் கேட்க வேண்டுமா என்பது வேறு விஷயம்.

தோட்டத்துப் பெண்பிள்ளைகள் செய்த வேலைக்குக் கணக்கே எழுதப்பட்டதில்லை. மாடு எந்த நாள் சினையானது, எப்போது கறவை வற்றும் என்று நான் கேட்டால் பதில் உள்ளேயிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரலில்தான் வரும். மருந்தகப் பதிவேட்டில் மாட்டுக்காரர் என்று ஏறியது அப்பன் பேர் அல்லது அண்ணன் பேர். பதினோரு வயதில் மூன்று பிள்ளைகளுக்குத் தாயாகி, விடிவதற்கு முன் சாணி வழித்து, பால் கறந்து, மஞ்சள் வேகவைக்கிற நாளில் கொப்பரையடியில் நின்ற பெண்ணுக்கு அந்தத் தோட்டத்தில் கூலி பாக்கி இருக்கிறது. பங்கு என்று பேசக் கூச்சமாக இருந்தால் பாக்கி என்று பேசச் சொல்லுங்கள்.

ஆனால் அம்மாவின் பக்கத்தையும் பாருங்கள். தாய் போன வயதில் அவருக்கு மிஞ்சியது அந்த மூன்று தம்பிகள். அவர்கள் கல்யாணத்தில் இணைச்சீர் (மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் செய்கிற சீர்) செய்தது அவராகத்தான் இருக்கும். கையெழுத்துப் போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்று பயப்படுகிறார். அது வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். அடைபட்ட வாசல்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வயிற்றெரிச்சல் நியாயமானது, ஆனால் அது உங்களுடையது. அதை அம்மாவின் விருப்பம் என்று சொல்லி மாமாக்களிடம் கொண்டு போகாதீர்கள்.

நான் சொல்வது இதுதான். தோட்டத்தின் இன்றைய விலை என்ன, அவர் பங்கு எவ்வளவு வரும் என்று அம்மாவுக்குத் தெரியட்டும். பத்திரத்தை முழுவதும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். பதிவான பிறகு அதைத் திருப்புவது லேசான காரியம் இல்லை. முழுப் பங்கும் வேண்டாம் என்றால், அவர் பேரில் வங்கியில் ஒரு தொகை போடச் சொல்லலாம். தென்னையில் ஒரு பகுதியை அவர் பேருக்கு எழுதச் சொல்லலாம். பெரிய மாமாவிடம் அம்மாவே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். எல்லாம் தெரிந்த பிறகும் "போட்டுட்டாப் போகுது" என்று சொன்னால், பேனாவை எடுத்துக் கொடுங்கள்.

சட்டியை எறிந்த கதையைச் சிரித்துக்கொண்டு சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்களே. அடுத்த முறை சொல்லும்போது, அன்றைக்கு ராத்திரி தம்பிகளுக்குச் சாப்பாட்டுக்கு என்ன செய்தார் என்று கேளுங்கள்.

*

கேள்வி: என் அப்பாவுக்கு அறுபத்தைந்து வயது. பல்லடம் பக்கம் பத்து வயதிலேயே கவலை (எருது பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற ஏற்பாடு) ஓட்டியதாகச் சொல்கிறார். 1970-ல்கூடவா மோட்டார் இல்லை? பத்து வயதுப் பையனால் அதை ஓட்ட முடியுமா? கொஞ்சம் ஏற்றிச் சொல்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.
(சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை பார்க்கும் வாசகர்)

பதில்: மோட்டார் இருந்தது. இருந்ததால்தான் மின்கட்டண உயர்வை எதிர்த்து அதே 1970-ல் விவசாயிகள் திரண்டார்கள், பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூடு நடந்து மூன்று பேர் செத்தார்கள். ஆனால் கம்பி எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே நாளில் வரவில்லை. கூட்டுக் கிணறாக இருந்தால் இன்னும் மோசம். அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லையென்றால் மோட்டார் யார் பேரில் வாங்குவது, பில் யார் கட்டுவது? இந்தச் சண்டையிலேயே பத்து வருசம் கவலை ஓடின கிணறுகள் உண்டு. பத்திரத்தில் "கிணற்றில் நாலில் ஒரு பாகமும், மாமூல் வண்டித்தடமும்" என்று எழுதியிருக்கும். அந்த நாலில் ஒரு பாகத்துக்காகக் கோர்ட்டுக்குப் போனவர்களின் பிள்ளைகள்தான் மின்சாரம் வந்த ஊரில் எருதுக்குப் பின்னால் நடந்தார்கள்.

கவலை எப்படி ஓடும் என்று தெரிந்தால் உங்கள் சந்தேகம் பாதி தீரும். கிணற்று மேட்டிலிருந்து வெளிப்பக்கம் சரிவாக இறங்கும் தடத்துக்கு வாரி என்று பேர். எருதுகள் அதில் இறங்கும்போது வடக்கயிறு உருளைமேல் ஏறி, சால் என்கிற தண்ணீர்ப் பாத்திரத்தை மேலே இழுக்கும். சாலின் அடியில் தோலால் செய்த வாய் ஒன்று தொங்கும். அதை இன்னொரு மெல்லிய கயிறு மடக்கிப் பிடித்திருக்கும். சால் மேலே வந்ததும் தோல்வாய் தொட்டியில் விழுந்து தண்ணீர் தானாகக் கொட்டிவிடும். அப்புறம் எருதுகளைப் பின்னாலேயே நடத்தி மேட்டுக்கு ஏற்ற வேண்டும். வெயில் ஏறினால் எருது தாங்காது என்று கோழி கூப்பிடுகிற நேரத்திலேயே பூட்டிவிடுவார்கள்.

இறங்கும்போது ஓட்டுகிறவர் வடத்தின்மேல் ஏறி உட்காருவார். அவருடைய எடையும் சேர்ந்து இழுக்கும், எருதுக்குப் பாரம் குறையும். பத்து வயதுப் பையனுக்கு அந்த எடை இல்லை. அதனால் நாள் முழுக்க அவர் ஓட்டியிருக்க வாய்ப்பு குறைவு. அய்யன் சாப்பிடப் போன நேரத்திலோ, "காய்ச்சலில்" கிடந்த நாளிலோ ஓட்டியிருப்பார். வடம் தேய்ந்து அறுந்தால் உட்கார்ந்திருப்பவர் வாரியில் உருளுவார். அந்த வேலையைப் பிள்ளையிடம் விட்டார்கள் என்றால் அன்றைக்கு வேறு ஆள் இல்லை என்று பொருள்.

பையன்களின் நிரந்தர வேலை தண்ணி கட்டுவது. வாய்க்காலில் வருகிற தண்ணீரைப் பாத்தி பாத்தியாகத் திருப்ப வேண்டும். ஒரு பாத்தி நிரம்பியதும் மண்வெட்டியால் அந்த மடையை அடைத்து அடுத்ததைத் திறக்க வேண்டும். இருட்டில், சேற்றில், மண்வெட்டி அவன் உயரம் இருக்கும். ஒரு சால் வந்து கொட்டி அடுத்த சால் வரும் வரை இருக்கிற இடைவெளியில் வரப்பில் உட்கார்ந்தால் கண் சொக்கும். தூங்கிப்போய் மடை உடைந்து, கவலையில் இறைத்த தண்ணீர் தடத்தில் ஓடினால் அய்யன் வாரியிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வருவார்.

ஓட்டினீர்களா என்று அப்பாவிடம் குறுக்கு விசாரணை பண்ணாதீர்கள். தண்ணி கட்டும்போது தூங்கியிருக்கிறீர்களா என்று கேளுங்கள். அவர் சிரித்தால் அடி வாங்கவில்லை.